முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் குழந்தை அழுதால், தெரியாமல் நழுவி வந்துவிடலாமா?

கூடவே கூடாது. "பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக வந்துவிடு" என்று எனக்கும்தான் சொன்னார்கள். உங்களுக்கும் வீட்டுப் பெரியவர்கள் யாரோ இதையே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்று, மூன்றரை வயது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவைப் பிரியும் பயம் பொதுவாக 8 மாத வாக்கில் தொடங்கி, ஒன்றரை வயது வரை வலுவாக இருந்து, 3 வயதை ஒட்டித்தான் தணியும். அது முழுதாக அடங்குமுன்பே நாம் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறோம். அந்த நேரத்தில் நழுவினால், கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்றுதான் அவனுக்குப் புரியும். அப்புறம் வீட்டிலும் காலைச் சுற்றியே வருவான்.

என் மகளுக்குக் காலையில் சீருடையைப் பார்த்ததும் வயிறு வலிக்கும். விடுமுறை நாளில் வலிக்காது. நடிக்கிறாள் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயத்தில் பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசைகிறதே! "ஏன் பயம்?" என்று கேட்டால் அந்த வயதில் பதில் வராது. அதனால் இரவில் பொம்மைகளை வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு ஆடினோம். அவள்தான் டீச்சர். ஒரு பொம்மையைத் தனியாக உட்கார வைத்து, "இது டிரெஸ்லயே போயிடுச்சு, மிஸ்கிட்ட எப்படிக் கேக்கணும்னு இதுக்குத் தெரியல" என்றாள். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் வகுப்பு தொடங்குமுன் ஆசிரியையே அவளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் காட்டி, தாழ்ப்பாளைப் போட வேண்டாம், கையைத் தூக்கினால் போதும், வாய் திறந்து கேட்கவே வேண்டாம் என்று சொன்னார். அந்த அம்மாளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொண்டேன். ஒரு முத்தம், "கதை நேரம் முடிந்ததும் வாசலில் நிற்பேன்", கிளம்பிவிடுவேன். மணி சொன்னால் அவர்களுக்குப் புரியாது. எதற்கு அப்புறம் வருவோம் என்று சொன்னால் புரியும். சொன்னபடி நின்றேன். என் கைக்குட்டை ஒன்று அவள் பையில் இருக்கும். குழந்தைகள் போர்வையையும் பொம்மையையும் விடாமல் பிடித்துக்கொள்வது ஏன் என்று குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953இலேயே எழுதியிருக்கிறார். அது செல்லம் கொடுத்துக் கெடுப்பது ஆகாது.

எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று யாராவது கேட்பீர்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான்.

கேட்காத விஷயம் ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் அழும் பிள்ளைகளைப் படம் பிடித்து, சிரிக்கும் பொம்மை முகங்களோடு ஊரெல்லாம் அனுப்புகிறார்களே, அது என்ன பழக்கம்? என் மகள் மூக்கு ஒழுக அழுதது எனக்கே யார் யாரிடமிருந்தோ வந்து சேர்ந்தது. நீக்கச் சொன்னால், "விளையாட்டுக்குத்தானே?" என்கிறார்கள். பெரியவர் ஒருவர் மருத்துவமனை வாசலில் அழுதால் இப்படி எடுப்பார்களா?

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். ஓரளவு பழகிய பிறகும் திங்கட்கிழமைகளிலும் நீண்ட விடுமுறை முடிந்த பிறகும் மறுபடி அழுவான். பதறாமல் அதே முத்தம், அதே வார்த்தையோடு கிளம்புங்கள். 4 வாரம் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அங்கே யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று விசாரிக்க மட்டும் 4 வாரம் காத்திருக்காதீர்கள். அதை இன்றைக்கே செய்யுங்கள்.