‘பியன்’ எப்படி ‘ம்னா’ ஆனது?

கேள்வி: அயர்லாந்து சென்று வந்த என் மகள், அங்கே பெண்கள் கழிவறைக் கதவில் ‘ம்னா’ என்று எழுதியிருந்ததாகச் சொன்னாள். ஐரிஷ் அகராதியிலோ பெண்ணைக் குறிக்கும் சொல் ‘பியன்’ என்று இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரி, இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்கள். ‘பியன்’ ஒருமை, ‘ம்னா’ பன்மை. (எதிர்க் கதவில் உள்ள ‘ஃபிர்’ ஆண்களைக் குறிக்கும். ரோமன் எழுத்தில் அது எஃப் என்றும் இது எம் என்றும் தொடங்குவதால், ஆங்கிலப் பழக்கத்தில் செல்பவர் கதவு மாறிவிட நேரும்.)

இச்சொல் மிகப் பழமையானது. சமஸ்கிருதத்தின் ‘ஜனி’, கிரேக்கத்தின் ‘குனே’, ஆங்கிலத்தின் ‘குவீன்’ ஆகியவை பிறந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இதுவும் பிறந்தது. அந்த வேரின் முதலொலியாகிய ‘க்வ’, ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகளில் ‘ப’ ஆயிற்று. சில வடிவங்களில் இடையிலிருந்த உயிரொலி இல்லாமல் பகரமும் னகரமும் ஒட்டி நின்றன. நம் மொழியில் ‘நல்’லும் ‘மணி’யும் சேர்ந்து ‘நன்மணி’ ஆகும்போது பின்வரும் மெல்லினம் முன்னுள்ள ஒலியைத் தன் இனமாக்குகிறதல்லவா? அவ்வாறே அங்கும் பகரம் மகரமாக மாறி, ‘ம்னா’ பிறந்தது.

இலக்கணம் இதைவிடச் சுவையானது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் சேரும். ஐரிஷிலோ சொல்லின் முதலெழுத்தே மாறும். ‘அந்தப் பெண்’ என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது ‘பியன்’ என்பது ‘அன் வியன்’ ஆகிறது. ‘பெண்ணின்’ என்னும் ஒருமை உடைமைப்பொருளிலும் ‘ம்னா’வே வரும், ‘நான்’ என்பது ‘என்’ ஆவது போன்ற மாற்றம் இது. ‘பெண்களின்’ என்பதற்கு மட்டும் ‘பன்’ என்ற தனி வடிவம் உண்டு. அதன் முன் ‘ந’ என்னும் சுட்டு வந்தால் ‘ந மன்’ என்று ஒலிக்கும். ஆயினும் எழுத்தில் பகரத்தை விடாமல் அதன் முன் மகரத்தைச் சேர்த்து எழுதுவார்கள். 1914-இல் டப்ளினில் தொடங்கிய ‘குமன் ந மன்’ (பெண்கள் சங்கம்) என்ற விடுதலை இயக்கத்தின் பெயரில் இருப்பது இவ்வடிவமே.

ஆங்கிலக் கதைகளில் வரும் ‘பான்ஷீ’யும் இச்சொல்லிலிருந்து வந்ததுதான். ‘பியன் ஷீ’ என்றால் மாய மேட்டில் வாழும் பெண். சில பழங்குடும்பங்களில் சாவு நேருமுன் அவள் ஓலமிட்டு அழுவாள் என்பது அந்நாட்டு நம்பிக்கை.

உங்கள் மகள் மேற்கே கால்வே பக்கமோ, வடக்கே டோனிகால் பக்கமோ சென்று, அங்கே ‘ம்ரா’ என்று யாரேனும் சொல்லக் கேட்டிருந்தால், அதுவும் ‘ம்னா’தான், அப்பகுதி மக்கள் மகரத்தை அடுத்த னகரத்தை ரகரமாக ஒலிப்பார்கள்.