மனநல மருத்துவர் பதில்கள்: மௌன முகாமுக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். கல்லூரியில் படிக்கும்போது நாலைந்து நாள் தூங்காமல், பெரிய கம்பெனி தொடங்கப்போவதாகப் பேசிக்கொண்டே இருந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையில் சரியானது, இன்றும் சாப்பிடுகிறான். இப்போது பத்து நாள் மௌன தியான முகாமுக்குப் போகிறானாம். மாத்திரையே தேவைப்படாது என்று நண்பர் சொன்னாராம். மூளைச்சலவை செய்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். தடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மூளைச்சலவையை அப்புறம் பார்ப்போம் அம்மா. முதலில் அந்த மாத்திரை. அந்த நண்பர் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது மேனியா, அதாவது அளவு மீறிய உற்சாகத்தில் தூக்கமே தேவைப்படாத மனநோய் நிலை போலத் தெரிகிறது. அது வந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டாலே நோய் திரும்பலாம். இத்தகைய முகாம்களில் விடிகாலை 4 மணிக்கே எழுப்பிவிடுவார்கள். தினம் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சு, போன், புத்தகம் எதுவும் கிடையாது. பலருக்கு இது ஒத்துப்போகிறது. நானும் தினமும் காலையில் கொஞ்ச நேரம் உட்காருகிறவன்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் மகன் அங்கே போவது வேறு விஷயம். விண்ணப்பத்தில் மனநோய் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காதே என்று மறைக்கிறவர்கள் உண்டு.

முன்பு எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் சிக்கல் வருவதுண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பௌத்த தியானம் செய்பவர்களைப் பேட்டி கண்டு 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காரணமில்லாத பயம், தூக்கமின்மை, தன் உடம்பே தன்னுடையதில்லை என்ற உணர்வு எல்லாம் அதில் வருகின்றன. சிலருக்கு இவை வருஷக்கணக்கில் நீடித்திருக்கின்றன.

சரி, மூளைச்சலவை. ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு 1984-ல் டோக்கியோவில் ஒரு சின்ன யோகா வகுப்பாகத்தான் தொடங்கியது. 1995 மார்ச் 20 அன்று அதன் ஆட்கள் சுரங்க ரயிலில் சாரின் விஷத்தைக் கசியவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர்! படித்த பிள்ளை ஏமாறமாட்டான் என்று இருந்துவிடாதீர்கள். அதற்காக எல்லா வகுப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். 'பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை' என்று சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார்? 'இன்று உட்கார வேண்டாம், வீட்டுக்குப் பேசு' என்றால் நம்பலாம். 'பழைய கர்மா கழிகிறது, இன்னும் உட்கார்' என்றால் வெளியே வந்துவிட வேண்டும். நல்லது நடந்தால் பயிற்சியின் மகிமை, கெட்டது நடந்தால் உன் பக்குவக் குறை என்று பேசும் இடத்தில் நோயும் முற்றும், பிடியும் இறுகும்.

சண்டை போட்டால் சொல்லாமல் கிளம்பிவிடுவான். டாக்டரிடம் அழைத்துப்போய் அவன் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் வீட்டில் பத்து நிமிஷம் உட்காரட்டும். முகாம் இப்போது வேண்டாம். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூங்கவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். அவசரத்துக்கு அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.