எச்.ஐ.வி. உள்ளவருக்குத் திடீர் வயிற்றுவலி: நுண்துளை அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்

அறுவை அரங்கில் தாதியாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

உட்லண்ட்ஸ் தம்பி: அக்கா, அண்ணனுக்கு எச்.ஐ.வி., மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். குடல்வால் வீங்கினால் துளை போட்டு எடுப்பார்களா, வயிற்றைக் கிழிப்பார்களா?

மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் தம்பி. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் நுண்துளையை மறுக்க வேண்டியதில்லை. வைரஸ் கட்டுக்குள் இருந்து சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருந்தால் புண்ணும் ஏறக்குறைய எல்லாருக்கும் போலவே ஆறும். ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால், குடல் ரொம்ப உப்பியிருந்தால் திறந்துதான் செய்ய நேரலாம், அது யாருக்கும் வரக்கூடியதே.

பிடோக் வாசகி: ரத்தத்தில் வெள்ளணு ஏறவில்லை. அப்படியானால் குடல்வால் இல்லைதானே?

அதை மட்டும் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள் அம்மா! எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குடல்வால் அழற்சியிலும் வெள்ளணு ஏறாமல் இருக்கலாம், அதனால் ஸ்கேன் முக்கியம். சிடி4 மிகவும் இறங்கியவருக்கு வயிற்றுக் காசநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், சைட்டோமெகலோ வைரஸ் குடலை அரித்து ஓட்டை போடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஸ்கேனில் பிடிபடாதபோது தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமராவை உள்ளே விடுவார்கள். காசநோய் என்றால் வயிற்றின் உள்சவ்வில் வெள்ளை வெள்ளையாகப் பொரி அரிசி தூவினாற்போல் தெரியும், அதில் ஒரு துளி கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், பல நேரம் வெட்டாமலே மருந்தில் சரியாகிவிடும். நுண்துளையின் பெரிய பலனே இதுதான் என்பேன்.

ஜூரோங் நண்பர்: அறுவை அன்று எச்.ஐ.வி. மாத்திரையை விடலாமா?

நீங்களாக விடாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். மாத்திரைப் பெயர்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மயக்க மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவருக்கு, அறுவையின்போது தரும் மிடசோலம் (தூக்க மருந்து), ஃபென்டனில் (வலி மருந்து) உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். அப்புறம், வீடு திரும்பும்போது கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் தந்தால் கவனம், ரில்பிவிரின் என்ற எச்.ஐ.வி. மாத்திரையோடு அது கூடவே கூடாது.

யீஷூன் தம்பி: அம்மா கூடவே வருவார், அவருக்கு விஷயம் தெரியாது.

அவசரப் பிரிவுத் தாதியிடம் "தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி, அம்மாவை வெளியே உட்காரவைப்பது எங்கள் வேலை. மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். வலி தாங்காமல் வயிறு பலகைபோல் இறுகினால் மறுநாள் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐக் கூப்பிடுங்கள்.