ஆர்.ஓ. தண்ணீரில் மீன்கள் சோர்வது ஏன்?

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் கப்பி, மோலி வளர்க்கிறோம். குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 600 என்பதால் முழுக்க ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பைப் பிரித்த) தண்ணீருக்கு மாறினோம். இப்போது மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குகின்றன. ஏன்?

பதில்: ஆர்.ஓ. அழுக்கோடு உப்பையும் எடுத்துவிடுகிறது. கப்பியும் மோலியும் கடின நீர் மீன்கள். பைகார்பனேட் என்ற உப்பு இல்லாத தண்ணீரில் பி.எச். (அமில-கார அளவு) நிலைக்காது, கழிவு சேரச் சேர மளமளவென்று சரியும். 600 அவற்றுக்கு அதிகமே இல்லை. உண்மையில் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை!

குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி மருந்து கலந்து, வாரம் 15 லிட்டர் வீதம் மாற்றுங்கள். ஒரே நாளில் மொத்தமாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மீன் சாகலாம். வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போகாது. அதனால் மருந்தே பாதுகாப்பு.

நியான் டெட்ரா போன்ற மென்நீர் மீன்களுக்கு ஆர்.ஓ. உதவும். அப்போதும் கலந்தே ஊற்றவேண்டும்: டி.டி.எஸ். 600 உள்ள குழாய்த் தண்ணீரையும் 20 உள்ள ஆர்.ஓ. தண்ணீரையும் சரிபாதி கலந்தால் 310.

ஆர்.ஓ. கருவியைப் பொறுத்தவரை, வண்டல் வடிகட்டியையும் கார்பனையும் ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். கார்பன் தீர்ந்துவிட்டால் குளோரின் நேரே மெம்பிரேனை (உப்பைப் பிரிக்கும் சவ்வை) அரிக்கும், செலவு அங்கேதான். புதுக் கார்பன் போட்டதும் கருந்தூளோடு வரும் முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ். 600, வெளியே வருவது 60-க்கு மேல் என்றால் மெம்பிரேனைச் சந்தேகிக்கலாம். அதற்குமுன், டி.டி.எஸ். கூட்டும் திருகு (உப்புள்ள தண்ணீரைக் கொஞ்சம் கலக்கவிடுவது) திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.