ஆயிரமாவது எண் எந்த விரலில்?

புரோகிராமிங் பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. இடது கையில் கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. அப்புறம் திரும்பி வர வேண்டும்: மோதிரவிரல் 6, நடுவிரல் 7, ஆள்காட்டி 8, கட்டைவிரல் 9, மறுபடி ஆள்காட்டி 10. கொடுத்த எண் எந்த விரலில் விழும்?

10 ஆல் வகுத்து மீதி எடுத்தேன். 6-க்கே சுண்டுவிரல் என்று தப்பாக வருகிறதே?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

போக ஐந்து, வர ஐந்து என்று பத்தாக எடுத்துக்கொண்டீர்கள். கையை நீட்டி எண்ணிப் பாருங்கள். திரும்பும் இடத்தில் சுண்டுவிரலை ஒரு தடவைதான் தொடுகிறோம், கட்டைவிரலையும் அப்படித்தான். ஆக, ஒரு சுற்றுக்கு 8. மீதி 1 என்றால் கட்டைவிரல், 5 என்றால் சுண்டுவிரல். 2, 0 ஆள்காட்டி. 3, 7 நடுவிரல். 4, 6 மோதிரவிரல். 1000-ஐ 8 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் ஆயிரம் ஆள்காட்டியில் விழும். கம்ப்யூட்டரைத் தொடும் முன் 17 வரை தாளில் எழுதிப் பாருங்கள். 1, 9, 17 மூன்றும் கட்டைவிரலில் வந்து நிற்கும்.

ஒவ்வொரு மீதிக்கும் ‘இப்படி இருந்தால் இது’ என்று இத்தனை இஃப் எழுதித்தான் ஆக வேண்டுமா?
(தேவகோட்டை வாசகர்)

வேண்டாம். எட்டுப் பெயர்களையும் ஒரு லிஸ்டில் போட்டு, மீதியையே இட எண்ணாகக் கொடுங்கள். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் லிஸ்டின் இட எண் 0-இல் தொடங்கும். எனவே முதல் பெயர் ஆள்காட்டி, அடுத்தது கட்டைவிரல்.

எங்கள் அப்பத்தா கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார். அதை எழுத முடியுமா?
(கண்டனூர் வாசகி)

அருமையான கேள்வி, அவசியம் எழுதுங்கள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு என்று வைத்தால் சுற்று 12. எண்ணில் 1 கழித்து, 12 ஆல் வகுத்து மீதி எடுங்கள். அந்த மீதியை 3 ஆல் வகுத்தால் ஈவு விரலைச் சொல்லும், மீதி கணுவைச் சொல்லும். சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கினால், 8-க்கு 7 கிடைக்கும். ஈவு 2, மீதி 1. சுண்டுவிரலை 0 என்று வைத்தால் 2 நடுவிரல், அதன் நடுக்கணு. உங்கள் அப்பத்தா எங்கே தொடங்குகிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று கேட்டு அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கில் நூறு இலக்க எண் கொடுத்தால் சி மொழியில் எப்படி?
(புதுவயல் மாணவர்)

முழு எண்களை வைக்கும் இன்ட் வகையில் அது அடங்காது. எழுத்துகளாகப் படித்து, கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எண்ணாக்கி 8 ஆல் வகுங்கள். ஆயிரத்தின் மடங்குகள் எல்லாம் 8 ஆல் மீதியின்றி வகுபடும்; முன்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் மீதி மாறாது.