கனடாவின் ஆர்க்டிக் ரோந்துக் கப்பல்கள் குளிர்காலத்திலும் வடக்கில் காவல் நிற்க முடியுமா?

முடியாது. ஹாரி டிவுல்ஃப் வகையைச் சேர்ந்த இந்தக் கப்பல்கள் ‘போலார் கிளாஸ் 5’ தரம் (பனியைத் தாங்கும் வலிமைக்கான பன்னாட்டுத் தரவரிசை; 1 மிக வலிமையானது, 7 கடைசி). சுமார் 1 மீட்டர் தடிமனுள்ள முதலாண்டுப் பனியை, அதாவது அந்தக் குளிர்காலத்தில் புதிதாக உறைந்த கடற்பனியை, உடைத்துச் செல்லும். ஆனால் கனடிய ஆர்க்டிக்கில் உள்ள ரெசல்யூட் பகுதியில் குளிர்கால முடிவில் பனி 2 மீட்டரை நெருங்கிவிடும். கோடையில் உருகாமல் தப்பிய பழம்பனி இன்னும் மோசம்: உப்பு வடிந்துபோவதால் அது இறுகிக் கல்லாகியிருக்கும். இடையில் அத்தகைய துண்டுகள் கிடந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

பனியைவிட எனக்குக் கவலை தருவது எரிபொருள்தான். பாஃபின் தீவின் நானிசிவிக்கில் எரிபொருள் நிலையம் அமைப்பதாக 2007-இல் அறிவித்தார்கள். செலவைக் குறைக்க, தொட்டிகளைச் சூடாக்கும் வசதியையே கைவிட்டார்கள். அதனால் கோடையில் சில வாரங்கள் மட்டுமே பயன்படும்படி திட்டம் சுருங்கியது. ஆண்டு முழுதும் வடக்கில் இருப்பவர்கள் கனடிய ரேஞ்சர்கள் (ராணுவத்தின் பகுதிநேரப் படையினர்); அங்கே அவர்களில் பலரும் இனுயிட் எனும் பூர்வகுடி மக்கள். பனியை அவர்களைப்போல் அறிந்தவர்கள் யாருமில்லை.