ஏத்தத்தில் தட்டும் டர்போ வண்டி: கேள்வி பதில்

டர்போ வண்டிகளின் நாக்கிங் பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தக்கலை: அண்ணே, 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல். ஐந்து பேரை ஏத்திக்கிட்டு பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல நாலாவது கியர்ல மிதிச்சா 'கிணிகிணி'ன்னு சத்தம். காலை எடுத்தா நின்னுடுது. இஞ்சின் போச்சா?

போகவில்லை, ஆனால் இப்படியே ஓட்டினால் போகும். தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்கியது மாதிரி, லோடு ஏறும்போது மட்டும் வரும் சத்தம் நாக்கிங்தான். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் அந்தச் சூடும் அழுத்தமும் கூடுதல். ஆர்பிஎம் குறைவாக இருந்தால் அந்தக் கலவைக்கு வெடிக்க நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஏத்தத்தில் பெரிய கியரில் மிதிப்பது இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும்.

அதே ஏத்தத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கி 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்துப் பாருங்கள். அப்போதும் தட்டினால், டேங்க் ரிசர்வுக்கு வந்ததும் 95 அல்லது 100 ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) பெட்ரோல் நிறைத்து ஒரு டேங்க் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குறை பெட்ரோலிலோ எரிஅறையில் படிந்த கரியிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் பிளக், இன்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் பகுதி), சென்சார் என்று போக வேண்டும். இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

குழித்துறை: ஒரு மெக்கானிக் நாக்கிங்ன்னார், இன்னொருத்தர் பேரிங்ன்னார். யாரை நம்ப?

நியூட்ரலில் போட்டு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். லோடு இல்லாமல் நாக்கிங் அநேகமாக வராது. நியூட்ரலிலும் கனமாக 'டொக் டொக்' என்று ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறி, ஆயில் சூடாகச் சூடாகக் கூடினால் அது கனெக்டிங் ராட் பேரிங். ஒவ்வொரு சிலிண்டராக காயில், இஞ்செக்டர் இரண்டின் கனெக்டரையும் கழற்றிக் கேட்க வேண்டும். காயிலை மட்டும் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகும். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அங்கேதான் குறை. பேரிங் என்று உறுதியானால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ பண்ணுங்கள்.

காலையில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவைச் சந்தேகப்படலாம். குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் ஹீட் ஷீல்டு. ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடி மட்டும் கரகரப்பு என்றால் டைமிங் செயின் டென்ஷனரைப் பாருங்கள்.

நாகர்கோவில், வடசேரி: வண்டிக் கணினியப் படிச்சு போன்ல காட்டுற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்கியாச்சு. எந்த எண்ணைப் பாக்கணும்?

இக்னிஷன் டைமிங் (பிளக் பற்றவைக்கும் நேரம்), உள்ளே போகும் காற்றின் சூடு, மேனிஃபோல்டு அழுத்தம் (அந்தக் காற்றின் அழுத்தம்), கூலன்ட் சூடு, ஃபியூயல் ட்ரிம் (இஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு). இந்த ஐந்தும் சாதாரண டாங்கிளிலேயே பெரும்பாலும் வரும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பதிவு போடச் சொல்லுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போனைப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மூன்றாவது கியரில் ஒரே ஏத்தத்தை 2,000-த்திலிருந்து 4,000 ஆர்பிஎம் வரை ஏறிப் பதிவு எடுங்கள். டைமிங் சட்டென்று நாலைந்து டிகிரி விழுந்து, பையப் பைய ஏறி, மறுபடி விழுந்தால், நாக் சென்சார் தட்டலைக் கேட்டு ஈசியூ (இஞ்சின் கணினி) பின்வாங்குகிறது என்று அர்த்தம். எப்போதாவது ஒரு தரம் விழுவதைப் பொருட்படுத்த வேண்டாம், எல்லா நவீன டர்போவும் அதைச் செய்யும்.

லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பெட்ரோல் போதவில்லை: பம்ப் அழுத்தம், அடைத்த இஞ்செக்டர், வேக்குவம் கசிவு. இதற்குமேல் அறிய கம்பெனி ஸ்கேனர் வேண்டும். அது சிலிண்டர் வாரியாக டைமிங் குறைப்பைக் காட்டும். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் பின்வாங்கினால் பெட்ரோல், சூடு, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) என்று பொதுவான காரணத்தைத் தேடுங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், இஞ்செக்டர், கரி, ஆயில். நாக்கிங் வேலையில் பாதிக் காசை மிச்சப்படுத்துவது இந்த ஒரு பிரிப்புதான்.

அருமனை: ஏத்தத்துல காற்றுச் சூடு 72 டிகிரி காட்டுது. அதிகமா?

அதிகம். வெளியே 32 இருக்கும்போது ஓடும் வண்டியில் 45, 50 என்றால் கவலையில்லை. உங்கள் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும் காலம். கிரில்லுக்குள் போன இலையும் செம்மண் புழுதியும் இன்டர்கூலர் முகத்தில் பாய் விரித்துவிடும். பம்பரைக் கழற்றி, பின்பக்கமிருந்து முன்பக்கமாக சாதாரண ஹோஸ் தண்ணீர் விட்டால் போதும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் மடங்கிவிடும்.

கையோடு கையாக ஹோஸ் கிளாம்புகளையும் பாருங்கள். வழியில் காற்று கசிந்தால், கேட்ட பூஸ்ட்டைக் கொடுக்க டர்போ கூடுதலாகச் சுற்றிக் காற்றை இன்னும் சூடாக்கும். ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருக்கலாம். தேங்கி நின்றால் பிசிவி வால்வு (இஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) அல்லது டர்போ சீல் பழுது. அந்த ஆயில் கலவையோடு போய் ஆக்டேனையும் இறக்கும்.

குலசேகரம்: பிளக்கைப் பாத்து நாக்கிங்ன்னு சொல்ல முடியுமா?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் பலமான நாக்கிங். அலுமினியம் பிஸ்டனிலிருந்து வருகிறது, அதனால் உடனே கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். பீங்கான் வெள்ளையாக வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

மாற்றும்போது ஹீட் ரேஞ்சில் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவில்) கவனம். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் எண் கூடினால் சூடான பிளக். கடையில் 'சமமானது' என்று கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டாம். பல டர்போ இஞ்சின்களுக்கு பிளக் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. உங்கள் மாடலின் கையேடு சொல்வதுதான் முடிவு, முறுக்கும் அளவும் (டார்க்) அப்படியே.

முட்டம்: செக் இஞ்சின் எரியுது, பி0325. சத்தம் இல்ல, ஆனா இழுவை இல்ல.

பி0325 நாக் சென்சார் சர்க்யூட்டின் குறை. சென்சாரை நம்ப முடியாதபோது ஈசியூ பாதுகாப்புக்காக டைமிங்கை நிரந்தரமாகப் பின்தள்ளும். இழுவையும் மைலேஜும் அதனால் விழுகிறது. கடற்கரை வண்டி என்பதால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். அடுத்து போல்ட். சென்சார் பிளாக்கோடு நேராக, சுத்தமான பரப்பில் ஒட்ட வேண்டும், நடுவே வாஷர் கூடாது. எட்டு மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர். தளர்ந்தால் காது கேட்காது, முறுக்கிவிட்டால் இல்லாத தட்டலும் கேட்கும். இதெல்லாம் சரியாக இருந்த பிறகு புது சென்சார் வாங்கினால் போதும்.

குளச்சல்: மழைக்குப் பிறகு பெட்ரோல் போட்டதுலேர்ந்து தட்டுது. பம்பில டென்சிட்டி சரின்னு காட்டினாங்க.

டென்சிட்டி கலப்படத்தைப் பிடிக்கலாம், ஆக்டேனைச் சொல்லாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பெட்ரோலில் தண்ணீர் இறங்க வாய்ப்பு அதிகம். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்துபோகும். டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு தெரிந்தால் டேங்கை முழுக்க வடித்து ஃபில்டர் மாற்ற வேண்டும். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

திருவட்டார்: 1,500 ஆர்பிஎம்ல மிதிச்சப்ப 'டமார்'ன்னு ஒரே ஒரு அடி. அப்புறம் ஒண்ணுமில்ல.

இது வேறு கணக்கு. பிளக் பற்றவைக்கும் முன்பே, ஆயில் துளியோ கரியோ கலவையைக் கொளுத்துவது. டைரக்ட் இஞ்செக்‌ஷன் டர்போவில் குறைந்த ஆர்பிஎம், முழு லோடில் வரும். ஓர் அடியிலேயே பிஸ்டனின் ரிங் மேடு உடையலாம். ஸ்பார்க்குக்கு முன்பே நடப்பதால் டைமிங்கைக் குறைத்தும் ஈசியூவால் தடுக்க முடியாது. கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்துவிடுங்கள். ஏபிஐ எஸ்பி தர ஆயில் போடுங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிப் பெட்ரோல் மணம் வந்தால் கிலோமீட்டருக்குக் காத்திராமல் மாற்றுங்கள். 2,000-க்குக் கீழே முழுசாக மிதிக்கவே கூடாது.

களியக்காவிளை: ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊத்தலாமா?

வேண்டாம். பாட்டிலில் '30 பாயிண்ட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மூன்று ஆக்டேன்தான். அதற்கு நல்ல பெட்ரோலே மலிவு. கரிதான் சந்தேகம் என்றால் பாலிஈதர் அமைன் உள்ள கிளீனர் இஞ்செக்டரிலும் எரிஅறையிலும் வேலை செய்யும். டைரக்ட் இஞ்செக்‌ஷனில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாது, அதனால் அங்கே எந்தப் பாட்டிலும் எட்டாது.

ஆரல்வாய்மொழி: நம்மது டீசல் டர்போ. காலைல கடகடன்னு அடிக்குது, இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. டீசல் அழுத்தத்திலேயே பற்றுவது. அங்கே சத்தம் கூடினால் இஞ்செக்டரில் தொடங்குங்கள். ஒவ்வொரு இஞ்செக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை (ரிட்டர்ன்) ஒரே அளவுள்ள தனித்தனி பாட்டிலில் விட்டு இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். மற்றவற்றைவிட வேகமாக நிறையும் பாட்டில் குற்றவாளியைக் காட்டும். இஞ்செக்டர் அடியில் 'சஃப் சஃப்' சத்தமும் தார் போன்ற கரியும் தெரிந்தால் காப்பர் வாஷர் கசிகிறது. கழற்றிய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். புது இஞ்செக்டர் போட்டால் அதன் மேல் உள்ள குறியீட்டை ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுசும் கடகடக்கும்.